தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்!

என் மகளுக்கு 2024 ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. தலைப் பிரசவம். வழக்கப்படி எங்கள் வீட்டில்தான், சின்னமனூரில். பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். கார்த்திகைக் கடைசியில் வந்தபோது கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பிரித்தால், உள்ளே யானைக்குட்டி மாதிரி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் சாமான். தண்ணீர் ஊற்றி பிளக்கைச் சொருகியதும் தும்பிக்கை வழியாகக் குளுகுளுவென்று புகை கிளம்பியது.

"இது ஹியூமிடிஃபையர் அத்தை. ரூம்ல காத்து காய்ஞ்சு போகாம ஈரமா வச்சுக்கும். பிள்ளைக்கு மூக்கடைக்காது" என்றார்.

எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. 'ஈரக்காத்து மெஷின்' என்று நானே பேர் வைத்துவிட்டேன். இப்போது வீட்டில் எல்லாருக்கும் அதுதான் பேர்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நைட் லாம்ப் வெளிச்சத்தில் அந்தப் புகையைப் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! மேகமலையில் காலை வேளையில் மேகம் இறங்குமே, அது மாதிரி. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்தோம். தண்ணீர் தீரத் தீர நான்தான் குடத்திலிருந்து மொண்டு ஊற்றுவேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தால் ஆற்றுத் தண்ணீர். இல்லாவிட்டால் போர் தண்ணீர். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதன் மேலேயே ஊற்றுவேன். தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

இப்படியே ஒரு மாதம் ஓடிற்று. ஒரு நாள்கூட நான் அந்தத் தொட்டியைக் கழுவவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், என்னைப் போல் எத்தனை பேர் இருக்கிறீர்களோ!

தை பிறந்ததும் பிள்ளைக்கு இருமல் வந்தது. பகலில் சிரித்து விளையாடுவான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிய விடிய இருமல். இரண்டரை மாசப் பிள்ளை இருமுகிற சத்தம் அடிவயிற்றைப் பிசைந்துவிடும். நான் என்ன செய்தேன்? மெஷினை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அதோடு நிற்காமல், சளி கரையட்டும் என்று தண்ணீரில் நான்கு சொட்டு நீலகிரித் தைலத்தையும் விட்டேன். அன்று ராத்திரி இருமல் இன்னும் அதிகமாயிற்று.

மறுநாள் காலையில் பஸ்ஸைப் பிடித்து தேனிக்கு ஓடினோம். குழந்தை டாக்டர் வயதானவர், நிதானமான மனிதர். ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டுக் கையில் வாட்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினார். "நாற்பத்தெட்டு" என்றார். இந்த வயதில் 50-ஐத் தொட்டால் அவர் அட்மிட் பண்ணியிருப்பாராம். அப்புறம்தான் கேட்டார், "பிள்ளை படுக்கிற ரூம்ல என்னென்ன இருக்கு? சாம்பிராணி போடுறீங்களா? கொசுவர்த்தி ஏத்துறீங்களா?"

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த என் மகள் மெஷினையும் சொன்னாள். எப்போது கழுவினீர்கள் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போனதும் தொட்டிக்குள்ள விரலை விட்டுப் பாருங்கம்மா. உங்களுக்கே தெரியும்."

வந்ததும் வராததுமாக அதைத்தான் செய்தேன். தொட்டியின் உள்சுவர் பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பிசுக்கு. மூலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. முகர்ந்து பார்த்தால் தைல வாசனையையும் தாண்டி ஊறல் நாற்றம். கண்ணாடி மேஜையைப் பார்த்தால் அதன் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளைத் தூசி. தினம் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கிருந்து வருகிறதென்று யோசித்ததே இல்லை.

மில்லில் உள்ளது வீட்டிலும்

என் வீட்டுக்காரர் தேனிப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். சாயந்திரம் வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இது எங்க மில்லுல இருக்கிற பிளான்ட்டோட குட்டிதான். இத்தனை வருஷமா நான் பார்க்கிற வேலையே அதுதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பஞ்சு நூற்கும் மில்களில் காற்று காய்ந்துவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்குமாம். பஞ்சுத் தூசி பறக்குமாம். அதனால் ஒரு பெரிய அறையில் தண்ணீரைத் தூவாக்கி, அதன் வழியாகக் காற்றை இழுத்து, மில் முழுக்க அனுப்புவார்கள். நூற்கிற பகுதியில் ஈரப்பதம் 55, 60 சதவிகிதம் என்று கணக்காக வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டியில் பாசியும் பஞ்சும் சேராமல் கழுவுவது, உப்புப் படிந்த ஊசிக் குழாய்களைச் சுரண்டுவதெல்லாம் இவர்கள் வேலை. நூலுக்கு இத்தனை பக்குவம். பிள்ளைக்கு நான் என்ன பார்த்தேன்?

மெஷின் எப்படி வேலை செய்கிறதென்று அன்றைக்குத்தான் அவர் விளக்கிச் சொன்னார். இதில் அடுப்பு மாதிரி சூடு கிடையாது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அது நம் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். அந்த அதிர்ச்சியில் தண்ணீர் பொடிப்பொடித் திவலையாகச் சிதறி மேலே வரும். நாம் புகை என்று நினைப்பது புகையும் இல்லை, ஆவியும் இல்லை, தண்ணீரேதான். ஆகவே தண்ணீரில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் கூடவே வரும். உப்பு இருந்தால் உப்பு. கிருமி இருந்தால் கிருமி. தைலம் விட்டால் தைலம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான் என் கண்ணாடி மேஜையில் தூசியாக உட்கார்ந்தது. மேஜையில் உட்கார்ந்தது பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்காதா?

தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவி விடுகிற மெஷின்களும் உண்டு. கொதித்த தண்ணீரில் கிருமி செத்துவிடும், உப்பும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆனால் தவழுகிற பிள்ளை இழுத்துத் தள்ளிக்கொண்டால் கதை முடிந்தது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் சூடில்லாத மெஷின்தான் வைக்க வேண்டும், ஆனால் அதற்குச் சுத்தம் இரண்டு மடங்கு வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மாமாவின் குப்பி

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே படித்தவள்.

2021 மே மாதம் என் மாமனாருக்குக் கொரோனா. வாலிபத்திலிருந்து பீடி பிடித்த நுரையீரல், ஏற்கெனவே பாதிதான் வேலை செய்தது. க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்து பிழைத்து வந்தார். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்து வைத்தோம். அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குப்பி. அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த ஆக்ஸிஜன் அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வந்தால்தான் மூக்கு புண்ணாகாது. அதற்குப் பேரும் ஹியூமிடிஃபையர்தான்!

அது கறுப்புப் பூஞ்சை நோய் பற்றி ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த சமயம். மே 20-ம் தேதி தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே ஆக்கியது. கட்டுப்படாத சர்க்கரையும், அளவு மீறிய ஸ்டீராய்டு மருந்தும்தான் அதற்குப் பெரிய காரணம் என்றார்கள். ஆனாலும் ஆக்ஸிஜன் குப்பியில் கிருமி நீக்கிய சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் அறிவுரையில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா எனக்குத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். "குழாய்த் தண்ணி, கேன் தண்ணி எதுவும் கூடாது. மெடிக்கல்ல ஸ்டெரைல் வாட்டர் வாங்குங்க. குப்பியில மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு இருக்கு, நடுவுல நிக்கணும். தினம் பழசைக் கொட்டிட்டுக் கழுவிப் புதுசா ஊத்துங்க. மேலயே ஊத்திக்கிட்டே போகாதீங்கக்கா."

மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், பூஜை சாமான் கழுவுகிற மாதிரி அந்தக் குப்பியைக் கழுவினேன். அப்படிப்பட்டவள் யானைக்குட்டியைக் கண்டதும் எப்படி மறந்தேன்? ஒன்று மருத்துவக் கருவி என்கிற பயத்தோடு வீட்டுக்குள் வந்தது. மற்றது பொம்மை மாதிரி வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமா சொன்னார், "ஏத்தா, என் குப்பியையும் நீ இப்படிப் போட்டிருந்தா நான் எப்பவோ சுடுகாட்டுக்குப் போயிருப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொரியாவில் நடந்தது

பாசியைப் பார்த்த அதிர்ச்சியில் அன்று நான் செய்யப் போன இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியைக் கழுவிவிட்டு, இனிமேல் கிருமியே அண்டக் கூடாது என்று, காயத்துக்குப் போடும் கிருமிநாசினியை ஒரு மூடி தண்ணீரில் கலந்து ஊற்றப் போனேன். என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வேணாம்மா! கொரியாவுல இப்படித்தான் ஆயிரக்கணக்குல செத்தாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு டாக்டரிடம் கேட்டேன், உண்மைதான் என்றார்.

தென்கொரியாவில் குளிர்காலம் ரொம்பக் காய்ச்சல் காலம், அதாவது காற்று வறண்டு போகும். ஆகையால் வீட்டுக்கு வீடு இந்த மெஷின் உண்டு. தினம் கழுவுகிற சிரமம் எதற்கு என்று, தண்ணீரிலேயே கலந்துவிடுகிற கிருமிநாசினித் திரவம் 1994-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. குழந்தை இருக்கும் வீடுகளில்தான் அதிகம் வாங்கினார்கள், பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமே என்ற அக்கறையில். 2011 வசந்த காலத்தில் சியோல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கர்ப்பிணிகளும் புதிதாகப் பெற்ற தாய்மாரும் ஒருவர் பின் ஒருவராக மூச்சுவிட முடியாமல் வந்து சேர்ந்தார்கள். நுரையீரல் இறுகிப் போயிருந்தது. என்ன கிருமி என்று தேடித் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அந்தத் திரவம்தான் என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அரசு எச்சரித்தது. கடைகளிலிருந்தும் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் பதினேழு வருஷம் விற்றாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் என்று அந்த அரசு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் 5,000-க்கு மேல். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் பச்சைக் குழந்தைகள் எத்தனையோ.

தரையையும் சாமானையும் துடைக்க ஏற்ற மருந்து, மூச்சில் போனால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லையாம். பிள்ளைக்கு நல்லது என்று நம்பி தன் கையாலேயே ஊற்றிய தாய்மாரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கையிலும் அந்த மூடி இருந்ததே!

ஆகவே அந்தத் தொட்டியில் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. கிருமிநாசினி, ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், பன்னீர், வாசனை எண்ணெய், நீலகிரித் தைலம் எதுவுமே. தைலம் சளியைக் கரைக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அதனாலேயே ஒருவித நிமோனியா வரும் என்றார் டாக்டர். கற்பூரம் கலந்த தைலங்கள் கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. வலிப்புகூட வரலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம் என்று டப்பியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நாம்தான் மூடியைத் திறப்பதோடு சரி, எழுத்தைப் படிப்பதில்லை.

இப்போது நான் செய்வது

காலையில் மெஷினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவேன். கழற்றாமல் கை வைக்கக் கூடாது. மிச்சத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, தொட்டியையும் அடிப்பாகத்தையும் சுத்தமான துணியால் துடைத்துக் கவிழ்த்து வைப்பேன். ஈரம் நின்றால்தான் வழுவழுப்பு வரும். ராத்திரி வேண்டுமானால் புதுத் தண்ணீர்.

மூன்று நாளைக்கு ஒரு தரம் பெரிய கழுவல். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் உப்புக் கறை இளகிவிடும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அதிர்கிற அந்த வட்டத் தகட்டைக் கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டக் கூடாது. பஞ்சால் துடைத்தால் போதும். வினிகர் உப்பைத்தான் எடுக்கும், பிசுக்குக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் வேண்டும். அப்புறம் வாசனை துளிகூட மிஞ்சாமல் நான்கைந்து தண்ணீர் விட்டு அலச வேண்டும். மிஞ்சிய வாசனை ராத்திரி பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். மோட்டார் இருக்கும் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு மாதிரி கழுவச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? உப்பே இல்லாத வாலை வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர்தான் உத்தமம். ஆனால் தினம் இரண்டு லிட்டருக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுகிறோம். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டாக. கொதித்தால் கிருமிதான் சாகும், உப்பு அப்படியேதான் இருக்கும். வற்றினால் இன்னும் கூடத்தான் செய்யும். (ஒரு விஷயம்: இதெல்லாம் அறை மெஷினுக்கு மட்டும். ஆக்ஸிஜன் குப்பிக்கு டாக்டர் சொன்ன தண்ணீரைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.)

தொட்டிலை ஒட்டி வைத்திருந்த மெஷினை இப்போது அறையின் எதிர்மூலைக்கு மாற்றியாயிற்று. புகை நேராகப் பிள்ளையின் முகத்துக்கு வரவே கூடாது. மெத்தை, திரைச்சீலை நனைகிற இடத்திலும் வைக்கக் கூடாது.

உண்மையில் இது தேவைதானா?

இந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மில்லில் சொல்லி ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வந்தார். சுவர்க் கடிகாரம் மாதிரி மாட்டிக்கொள்ளலாம், சில நூறு ரூபாய்தான். வீட்டுக்குள் 30-லிருந்து 50 சதவிகிதம் இருந்தால் நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. எங்கள் அறையில் மெஷின் ஓடாமலே 66 காட்டியது. ஓடவிட்டுக் கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் 78!

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மலையடிவாரம், சுற்றிலும் வயலும் திராட்சைப் பந்தலும் வாய்க்காலும். மழைக்காலத்தில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஊர்க் காற்றுக்கு நான் இன்னும் ஈரம் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பூத்திருந்தது, என் கல்யாணப் பட்டுச் சேலையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. மழையால்தான் என்று நினைத்து மழையைத் திட்டினேன், பாவம். ஈரம் கூடினால் பூஞ்சணமும், மெத்தைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும் பெருகும். இழுப்பு இருப்பவர்களுக்கு இரண்டுமே விரோதி. ஜன்னல் கண்ணாடியில் காலையில் நீர் கோத்திருந்தால் மீட்டர்கூட வேண்டாம், மெஷினை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மாசி பங்குனியில் உதடு வெடிக்கிற காலத்தில், அல்லது விடிய விடிய ஏ.சி. ஓடுகிற அறையில், இதற்கு வேலை உண்டு. மாப்பிள்ளையின் மேல் தப்பில்லை. அவர் பெங்களூர் அறையை மனதில் வைத்து வாங்கினார். நாங்கள் சின்னமனூர் மழையில் ஓட்டினோம். இன்னொன்றும் டாக்டர் சொன்னார். இந்த மெஷின் சளியைக் குணப்படுத்தாது. காய்ந்த மூக்குக்குக் கொஞ்சம் சுகம், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்கு முன்னால் டாக்டர் சொல்லும் அளவில் விட்டால் போதும்.

என் மாமியார் அதற்குள், "மெஷினும் வேணாம் ஒண்ணும் வேணாம், பிள்ளையக் குளுப்பாட்டிச் சாம்பிராணியக் காட்டு, ஆவியப் பிடி, சரியாப் போகும்" என்றாக. சாம்பிராணியும் புகைதான், பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது என்று அவரிடம் சொல்லிப் புரியவைக்க மூன்று நாள் ஆயிற்று. இப்போது சாமி ரூமோடு சரி.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா சமயத்தில் ரோட்டோரத்தில்கூட அடுப்பு வைத்து வரிசையில் நின்று ஆவி பிடித்தார்கள். பொது இடத்தில் அப்படிச் செய்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவும், வேண்டாம் என்று 2021 மே மாதம் அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர்கள் வீட்டில் ஜாக்கிரதையாகப் பிடித்தால் அது வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் பின்தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவனைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடித்தபோது, மூச்சு முட்டி உதறியதில் கொதிக்கிற சட்டி மடியில் கவிழ்ந்துவிட்டது. அவன் தொடையில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. யாரோ அவசரத்தில் பற்பசையை அப்பியிருக்கிறார்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பற்பசை, மசி, மாவு எதுவும் கூடாது.

மூச்சு எண்ணுவதை டாக்டரிடம் கற்றுக்கொண்டேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், சட்டைப் பித்தானைக் கழற்றி, பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். எண்ணிக்கை எப்படியிருந்தாலும் சரி, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால் அந்த நிமிஷமே ஓட வேண்டும், ராத்திரி என்று பார்க்கக் கூடாது.

மெஷினை நிறுத்திய ஐந்தாம் நாள் எங்கள் பிள்ளை விடிய விடியத் தூங்கினான். "இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், சாதாரணச் சளியாவும் இருந்திருக்கலாம்" என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். எனக்கு அந்த வழுவழுப்பு இன்னும் விரலிலேயே இருக்கிறது.

ஐந்தாம் மாதம், பங்குனியில், பிள்ளையைப் பெங்களூர் அழைத்துப் போனார்கள். யானைக்குட்டியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, கழுவுகிற பிரஷ்ஷை ஒரு சிவப்புக் கயிற்றில் கட்டி அதன் தும்பிக்கையிலேயே தொங்கவிட்டு அனுப்பினேன். மீட்டரையும் கொடுத்துவிட்டேன். போன வாரம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, ரூம்ல 27 காட்டுது. போடவா?"

"போடு. நேத்துத் தண்ணி இருக்கா தொட்டியில?"

"இல்லம்மா. காலையிலயே கவுத்தி வச்சிட்டேன்."